காரை மாற்றும் முன் ஒரு சூட்டுக் கணக்கு

டர்போ கார் ஒன்றை வாங்கியவருக்கு ஆறேழு மாதத்தில் ஓர் அரிப்பு தொடங்கும். இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். நண்பர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். ஒருவர் ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்வார், இன்னொருவர் ரீமேப் என்பார், மூன்றாமவர் எக்ஸாஸ்ட் குழாயைக் கழற்றி எறியச் சொல்வார். பேச்சு முழுக்க "இருபது பிஎஸ் கூடும், முப்பது பிஎஸ் கூடும்" என்றே ஓடும் (பிஎஸ் என்பது இன்ஜின் சக்தியின் அளவு, குதிரைசக்தி மாதிரி). அந்தக் கூடுதல் சக்தியோடு சேர்ந்து வரும் சூடு எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வீட்டிலேயே காரில் கைவைக்க நினைக்கும் புதியவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்தச் சூட்டைத்தான் என்பது என் கட்சி. காரணம் எளிது. பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. மீதி எக்ஸாஸ்ட் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாக வெளியேறுகிறது. சக்கரத்துக்குப் போன பங்கும் கடைசியில் பிரேக்கிலும் டயரிலும் காற்றிலும் சூடாகத்தான் முடிகிறது. ஆக, இன்ஜினின் சக்தியைக் கால்வாசி கூட்டி, அதை முழுக்கப் பயன்படுத்தியும் ஓட்டினால், காரின் ஒவ்வொரு மூலையிலும் சூடு கூடும். கம்பெனி தன் கணக்குக்கு ஏற்றபடி ரேடியேட்டரையும் பிரேக்கையும் கிளட்ச்சையும் அளவெடுத்து வைத்திருக்கும், கொஞ்சம் மிச்சமும் விட்டிருக்கும். நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அந்த மிச்சத்தில் கைவைப்பதுதான். எந்தப் பாகத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு செலவழித்தால் கார் நிலைக்கும்.

உதாரணத்துக்கு ஒரு காரை வைத்துக்கொள்வோம். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-இல் இந்தியாவுக்கு வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 பிஎஸ் சக்தி, 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), டிஎஸ்ஜி என்ற ஏழு கியர், இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இந்தியாவில் போலோ தயாரிப்பு 2022-இல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய கார் சந்தையில் தேடி வாங்குகிறார்கள், வாங்கிய கையோடு மாற்றவும் செய்கிறார்கள். உங்களிடம் இருப்பது ஐ20 என் லைனோ ஆக்டேவியாவோ என்றாலும் கணக்கு இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

டர்போவுக்குள் என்ன நடக்கிறது

டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவின் வேகத்தில் சுழலும் ஒரு காற்று பம்பு. வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் அதற்கேற்ப பெட்ரோலும் அதிகம் போகும், அடியும் பலமாக விழும். சிக்கல் என்னவென்றால் காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்.

எவ்வளவு சூடாகும்? சென்னையில் ஒரு சாதாரண பகல், 35 டிகிரி என்று வைப்போம். டர்போ 0.8 பார் அழுத்தம் ஏற்றுகிறது. டர்போவின் திறன் 70 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், வெளியே வரும் காற்று ஏறக்குறைய 115 டிகிரியில் இருக்கும். அதே டர்போவை 1.1 பார் வரை தள்ளச் சொன்னால் 140 டிகிரியைத் தொடும். சூடான காற்று விரிந்து கிடக்கும், அதே இடத்தில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதனால்தான் டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இன்டர்கூலர் என்ற ஒன்றை வைக்கிறார்கள். அது காற்றுக்கான ரேடியேட்டர். முன் பம்பருக்குப் பின்னால் எதிர்க்காற்றில் குளிர்வது ஒரு வகை, தனி நீர்ச்சுற்றில் குளிர்வது இன்னொரு வகை. எந்த வகையானாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மே மாத மதியம், 40 டிகிரி வெயில், போக்குவரத்து நெரிசல், அதற்கு மேல் கூட்டப்பட்ட அழுத்தம் என்று எல்லாம் சேர்ந்தால் இன்டர்கூலரே சூடாகி உட்கார்ந்துவிடும். அதன் பிறகு அதனால் பெரிய பயன் இல்லை.

இதைத் தெரிந்துகொண்ட கண்ணோடு ஏர் ஃபில்டர் கதைக்கு வருவோம்.

கூம்பு ஃபில்டரும் கைபேசியும்

பலரும் முதலில் செய்யும் மாற்றம் இதுதான். கம்பெனி கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, சிவப்பு நிறத்தில் கூம்பு போன்ற திறந்த ஃபில்டரை மாட்டுவது. சத்தம் மாறும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் புஸ்ஸென்று ஒரு மூச்சு கேட்கும். அந்த மூச்சுக்கே கார் பத்து பிஎஸ் ஏறியதுபோல இருக்கும்.

ஆனால் அந்தக் கறுப்புப் பெட்டி சும்மா வைக்கப்பட்டதல்ல. அதன் வாய் பம்பர் பக்கமாக, வெளிக்காற்று வரும் இடத்தில் இருக்கும். பெட்டி இன்ஜின் அறையின் சூட்டை மறைக்கும். அதை எடுத்துவிட்டுத் திறந்த ஃபில்டரை வைத்தால், இன்ஜின் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே இழுத்துக் குடிக்கும். நெரிசலில் நிற்கும்போது பானெட்டுக்கு அடியில் 60 டிகிரி என்பது சாதாரணம். 35 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால் 60 டிகிரி காற்றின் அடர்த்தி 7 சதவீதத்துக்கும் மேல் குறைவு. அதைச் சரிகட்ட டர்போ இன்னும் அதிகம் உழைக்கும், காற்று இன்னும் சூடாகும்.

இதை நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். ஓபிடி ஸ்கேனர் என்று ஒரு சின்னக் கருவி கிடைக்கும். விலை சில நூறு ரூபாயிலிருந்து தொடங்குகிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால் புளூடூத் வழியாகக் கைபேசியில் எண்களைக் காட்டும். அதில் 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர்' என்ற ஒரு வரி இருக்கும். பழைய பெட்டியோடு ஒரு நாள், புதிய ஃபில்டரோடு ஒரு நாள், ஒரே பாதையில், ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்ணைக் குறிக்கட்டும், ஓட்டுகிறவர் பார்க்க வேண்டாம். சிக்னலில் நின்றபடி எண் ஏறுவதையும், கிளம்பிய பிறகு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள். சில கார்களில் இந்த சென்சார் இன்டர்கூலருக்கு முன்னால் இருக்கும், சிலவற்றில் பின்னால். எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஒப்பிடுங்கள். ஒரே காரில் இரண்டு நாள் ஒப்பிடுவதென்றால் அதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை.

புதியவருக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது இந்த ஸ்கேனரைத்தான். பெரும்பாலான பாகங்களைவிட இது மலிவு, எந்தப் பாகத்தைவிடவும் அதிகம் சொல்லித் தரும். ஃபில்டருக்கு என்ன செய்வது என்றால், கம்பெனிப் பெட்டியை அப்படியே விட்டு, உள்ளே இருக்கும் தட்டை ஃபில்டரை நேரத்துக்கு மாற்றினால் போதும்.

ரீமேப்

காரின் இன்ஜினை ஆட்டிவைப்பது ஈசியூ என்ற கணினி. எந்த வேகத்தில், எந்த அளவு காலில் அமுக்கும்போது எவ்வளவு பூஸ்ட் (டர்போ ஏற்றும் அழுத்தம்), எவ்வளவு பெட்ரோல், ஸ்பார்க் எப்போது என்று அதற்குள் அட்டவணைகள் இருக்கும். அவற்றை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். பாகங்கள் எதையும் மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றினால் அதை ஸ்டேஜ் 1 என்பார்கள். நம் போலோவில் ஸ்டேஜ் 1 செய்தால் 130 பிஎஸ்ஸை ஒட்டிய ஓர் எண்ணைச் சொல்வார்கள். டர்போ கார்களில் இது பொய்யில்லை. பூஸ்ட்டைக் கூட்டினால் சக்தி உண்மையிலேயே கூடும்.

எல்லையை வைப்பது நாக்கிங். சிலிண்டருக்குள் ஸ்பார்க் பொறி விழுந்ததும் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவ வேண்டும். உள்ளே சூடும் அழுத்தமும் மிஞ்சிப்போனால், தீ வந்து சேருமுன்பே மறுமுனையில் இருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். இரண்டு பக்கமும் மோதி அழுத்தம் குபீரென்று ஏறும். 'கிடுகிடு' என்ற உலோகச் சத்தம் கேட்கும். அது தொடர்ந்தால் பிஸ்டனே உடையும். பெட்ரோல் எவ்வளவு தூரம் தானாகப் பற்றாமல் தாங்கும் என்பதைச் சொல்வதுதான் ஆக்டேன் எண். 2020-இல் பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது நம் ஊர்ச் சாதாரண பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் 91. பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் எக்ஸ்பி95, எக்ஸ்பி100 போன்றவற்றின் பெயரில் இருக்கும் எண் இதுதான். ஐரோப்பாவில் 98 ஆக்டேன் எளிதாகக் கிடைக்கும். அங்கே எழுதிய மேப்பை இங்கே ஏற்றிவிட்டு, அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றி ஓட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. எந்த பெட்ரோலுக்கு எழுதிய மேப் என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் என்று ஒன்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாக்கிங் தொடங்கியதும் ஈசியூ ஸ்பார்க்கைச் சில டிகிரி தள்ளிப்போடும். இன்ஜின் பிழைத்துக்கொள்ளும், சக்தி குறையும். அதோடு, தாமதமாக எரிந்த கலவையின் சூடு எக்ஸாஸ்ட்டுக்குள்ளும் டர்போவுக்குள்ளும் போகும். காலை ஆறு மணிக்கு ஜிவ்வென்று பறந்த கார், அதே நாள் மதியம் இரண்டு மணிக்குச் சோம்பலாக இருப்பது இதனால்தான். சக்தியை அளக்கும் டைனோ என்ற இயந்திரத்தில் ஓட்டி, பேப்பரில் அச்சடித்துக் கொடுக்கும் எண், பெரிய மின்விசிறி வைத்து, பானெட்டைத் திறந்து, சில வினாடி ஓட்டி எடுத்தது. அண்ணா சாலையில் அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது.

ரீமேப்பை வீட்டில் செய்யக் கேபிளும் மென்பொருளும் விற்கிறார்கள். ரீமேப் எழுதும் பெயர் பெற்ற ட்யூனர்களின் கருவி என்றால் அவர்கள் சோதித்த ஃபைலை ஏற்றும் வேலை மட்டும் நம்முடையது, அதைச் செய்யலாம். பாதி ஏறும்போது பேட்டரி தளர்ந்தால் ஈசியூ செத்துப்போகும், ஆகவே சார்ஜரை மாட்டிவிட்டுச் செய்ய வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஃபைலை ஏற்றுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வாரண்டி இருக்கும் கார் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் மாற்றிய மென்பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் டிடி1 என்ற குறியை அந்தக் காரின் பெயரில் பதிவார்கள். பழைய மேப்பைத் திருப்பி ஏற்றினாலும் அது போகாது.

டிஎஸ்ஜிக்கு ஒரு வார்த்தை. போலோவில் இருப்பது டிக்யூ200 என்ற கியர்பாக்ஸ். அதன் இரண்டு கிளட்ச்சுகளும் ஆயிலில் நனையாத வறண்ட வகை. வடிவமைப்பின்படி தாங்கக்கூடிய டார்க் 250 நியூட்டன் மீட்டர். கம்பெனி கொடுத்தது 175 என்பதால், மிச்சம் 75. ஸ்டேஜ் 1 அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அப்புறம் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் உரசிச் சூடாகும், அந்தச் சூட்டை அள்ளிப்போக ஆயில் கிடையாது. மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டராலேயே காரை நிறுத்திவைக்கும் பழக்கம் இருந்தால், ரீமேப் செய்யுமுன் அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

பிரேக்தான் உண்மையான இன்ஜின்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

போலோவின் எடையோடு இரண்டு பேரையும் சேர்த்தால் 1,250 கிலோ. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் 480 கிலோஜூல். இன்ஜின் அந்த வேகத்தை எட்ட ஏறக்குறைய பத்து வினாடி எடுத்துக்கொள்ளும். முழு பலத்தோடு பிரேக் அடித்தால் மூன்று வினாடிக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதாவது பிரேக்கின் சராசரி சக்தி 150 கிலோவாட், 200 பிஎஸ்ஸுக்கு மேல். 105 பிஎஸ் காரில் 200 பிஎஸ் பிரேக் இருக்கிறது. ஆனால் பிரேக் பேட் மாற்றப்போகும்போது "எத்தனை பிஎஸ்?" என்று யாரும் கேட்பதில்லை.

இதில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-இலிருந்து 140-க்குப் போனால் வேகம் 40 சதவீதம்தான் கூடுகிறது, ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ரீமேப் செய்த கார் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பழையதைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் வந்து சேரும். அந்தக் கொஞ்சத்தின் முழு விலையையும் பிரேக்தான் கட்டுகிறது.

அந்த ஆற்றலில் பெரும்பகுதி முன் சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குக்குப் போகும். ஒரு முன் டிஸ்க் 6 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100-இலிருந்து ஒரு தடவை நின்றதற்கு அதன் வெப்பநிலை ஏறக்குறைய 60 டிகிரி ஏறும். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது, காற்றில் ஆறிவிடும். ஆற நேரம் கொடுக்காமல் ஐந்தாறு தடவை அடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மலைப்பாதை இதைவிட மோசம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மசினகுடி போனால் 1,200 மீட்டருக்கு மேல் இறக்கம். அதே 1,250 கிலோ கார் அந்த உயரத்தை இறங்கும்போது விடும் ஆற்றல், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முப்பது தடவை நிற்பதற்குச் சமம். இத்தனைக்கும் கார் நாற்பதைத் தாண்டியிருக்காது. கீழ் கியரில் இறங்குங்கள் என்று அங்கே சொல்வதற்குக் காரணம், அந்தச் சூட்டில் ஒரு பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளட்டும் என்பதுதான்.

சூடான பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். முதலாவது பேட், அதாவது டிஸ்க்கைப் பிடித்து உரசும் பட்டை. ஒவ்வொரு பேட் கலவைக்கும் வேலை செய்யும் வெப்பநிலை வரம்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் பிடிப்பு குறையும். மிதி கெட்டியாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. இரண்டாவது பிரேக் ஆயில். பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரில் ஏறிய சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதி மெத்தென்று தரை வரை போகும். எனக்கு இரண்டாவதுதான் அதிக பயம், ஏனென்றால் அது எச்சரிக்கை அதிகம் தராது.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். மூடியிருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாக மெல்ல மெல்ல நீர் சேரும். டாட் 4 என்ற தரவகையில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. ஈரம் சேர்ந்த பிறகு 155 இருந்தால் போதும் என்று அதே விதி சொல்கிறது. டாட் 5.1-க்கு 260, 180. (டாட் 5 என்பது வேறு, சிலிக்கோன் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது.) கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் மூன்று நான்கு வருடமாக மாற்றாத ஆயிலோடு ஓடும் கார்கள் எத்தனையோ. அதில் ஒன்றை ரீமேப் செய்து ஏற்காட்டுக்குப் போகிறவரை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

ஆகவே வீட்டில் செய்யும் முதல் மாற்றம் புது பிரேக் ஆயிலாக இருக்கட்டும். ஒரு லிட்டர் போதும், செலவு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். சீல் உடைக்காத டப்பா, சரியான அளவு ரிங் ஸ்பேனர், ஒளி ஊடுருவும் சின்ன டியூப், பழைய பாட்டில், மிதியை அமுக்க ஓர் ஆள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினால் காலிப்பரின் மேல்பக்கம் ரப்பர் தொப்பி போட்ட நிப்பிள் (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) தெரியும். தொப்பியை எடுத்து, ஸ்பேனரை முதலில் போட்டு, அதற்கு மேல் டியூபைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றி அதில் மூழ்கவையுங்கள்.

"தம்பி, அமுத்து."

"அமுத்திட்டேன்."

"அப்படியே புடிச்சுக்கோ, விடாதே."

இப்போது நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் பழுப்பு ஆயில் குபுக்கென்று வரும், சில சமயம் குமிழோடு. மிதி கீழே போகும். நிப்பிளை மூடிய பிறகுதான் "இப்ப விடு" என்று சொல்ல வேண்டும். வரிசை மாறி அவர் முதலில் விட்டுவிட்டால் காற்று உள்ளே போய்விடும், மறுபடி முதலிலிருந்து. டியூபில் தெளிவான புது ஆயில் வரும்வரை செய்து, அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். எந்தச் சக்கரம் முதலில் என்பது காருக்குக் கார் மாறும், மேனுவலைப் பாருங்கள். நடுநடுவே மேலே தொட்டியில் ஆயில் இருக்கிறதா என்று பார்ப்பதை மறக்கவே கூடாது. அது காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால், ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில்தான் எடுக்க முடியும். பழைய கார் என்றால் மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். வழக்கமாகப் போகாத ஆழத்துக்கு மிதி போனால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிழியலாம். ஆயில் பெயின்ட் மேல் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டை அரித்துவிடும்.

முடிந்ததும் மிதியைப் பல தடவை அமுக்கிக் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து, தெருவுக்குள் நடைவேகத்தில் நிறுத்திப் பார்த்த பிறகே சாலைக்குப் போக வேண்டும்.

அடுத்தது பேட். ரேஸ் பேட் வாங்கி வீட்டுக் காரில் போடாதீர்கள். அது சூடானால்தான் பிடிக்கும், காலையில் முதல் பிரேக்குக்குப் பிடிக்காது, டிஸ்க்கையும் தின்னும். சாலைக்கும் எப்போதாவது டிராக்குக்கும் பொருந்தும் நடுத்தர வகை போதும். புது பேட்டைப் பழக்க வேண்டும். காலியான சாலையில் 60-இலிருந்து 10 வரை, முழுதாக நிற்காமல், எட்டுப் பத்து தடவை மிதமாகக் குறைத்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். பேட்டின் ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கில் சமமாகப் படிய இது தேவை. பேட் கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள்.

பெரிய டிஸ்க், சிவப்பு காலிப்பர் எல்லாம் பார்க்க அழகு. ஒரே ஒரு தடவை பிரேக் அடித்து நிற்கும் தூரத்தை அவை பெரிதாகக் குறைக்காது. ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு உங்கள் பழைய பிரேக்கே பிடிக்கிறது என்றால், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் எடை. பத்தாவது தடவை அடிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். துளை போட்ட டிஸ்க்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துளையின் ஓரத்திலிருந்து விரிசல் விடும், சூட்டைத் தாங்கும் இரும்பையும் துளைத்தே எடுத்துவிட்டார்கள்.

ஜாக்கியும் சட்டமும்

வீட்டு வேலை என்றதும் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய பிறகு கார் ஸ்டாண்டில் உட்கார வேண்டும். நம் ஊரில் ஹாலோ பிளாக் கல்லையும் செங்கல்லையும் அடுக்கி அதன் மேல் காரை உட்காரவைத்துவிட்டு அடியில் படுக்கிறார்கள். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். இரண்டு டன் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள், சமதளமான சிமென்ட் தரையில் மட்டும் வேலை செய்யுங்கள். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றும் வேண்டும். போலோவின் சக்கர போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். காலால் ஏறி மிதித்து இறுக்குவது அளவல்ல.

சட்டம் நம் பக்கம் இல்லை என்பதையும் தெரிந்தே இறங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சேர்த்தார்கள். அதே அளவில், அதே தரத்தில் உள்ள பேட், ஆயில், டயர் போன்றவை வழக்கமான பராமரிப்பில் வரும். புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது, காதைப் பிளக்கும் சைலன்ஸர் எல்லாம் வராது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு கிளெய்மை மறுக்க நல்ல சாக்காகிவிடும்.

காரை உண்மையிலேயே விரட்ட வேண்டும் என்றால் அதற்கு இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக். கோவையில் 2.1 கிலோமீட்டர் கரி டிராக், ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதனின் பெயரில். பொதுமக்கள் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டும் நாட்களை அவ்வப்போது நடத்துகிறார்கள், ஹெல்மெட் கட்டாயம்.

அங்கே போகிறவருக்குச் சில விஷயங்கள். முதல் சுற்றில் டயரும் ஆயிலும் சூடேறட்டும், விரட்ட வேண்டாம். நான்கைந்து சுற்றுக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். நம் வெயிலில் கம்பெனி இன்டர்கூலரும் பிரேக்கும் அதற்கு மேல் தாக்குப்பிடிப்பது கடினம். கடைசிச் சுற்றைப் பிரேக்கையே தொடாத அளவுக்கு மெதுவாக ஓட்டி எல்லாவற்றையும் ஆறவிடுங்கள். வந்து நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள், பின்னாலும் டிஸ்க் இருக்கும் கார் என்றால் கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், போலோ என்றால் லீவரை 'பி'-யில் போடுங்கள். டர்போவுக்காக ஓரிரு நிமிடம் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். மறுபடி கிளம்புமுன் மிதியை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். காலையில் இருந்ததைவிடக் கொஞ்சமாவது கீழே போனால் அன்றைக்கு ஓட்டம் அத்தோடு சரி, வீட்டுக்கு நிதானமாக வந்து மறுபடி ஆயிலை மாற்றுங்கள்.